கோபேயும் அரிமாவும்: மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு

ஜப்பானில் படிக்கிற, வேலை செய்கிற பிள்ளைகள் மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் தாய் தகப்பனை டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று இழுத்துக்கொண்டு திரிவதுதான் வழக்கம். என் மகள் கோபேயில் படிக்கிறாள். அதனால் நானும் கணவரும் மாமியும் அந்தத் துறைமுக நகரத்திலேயே தங்கினோம். கல்லடிக்குத் திரும்பி வந்ததிலிருந்து யாராவது போகப்போவதாகச் சொன்னால் நான் சொல்வது இதுதான்: ஒசாகாவில் ஒரு நாளைக் குறையுங்கள். கோபேக்கு ஒரு பகலும் அரிமாவுக்கு ஒரு இரவும் ஒதுக்குங்கள். முன்னால் கடல், பின்னால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் அரிமாவின் வெந்நீர் ஊற்று. வயதானவர்களை அலைக்கழிக்காமல் மூன்றையும் காட்டலாம். எங்களைப் போல சுனாமியில் ஊரை ஒரே காலையில் பறிகொடுத்தவர்கள் பார்க்க வேண்டியவையும் அங்கே இருக்கின்றன.

விசாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும். ஜப்பானில் பிள்ளை இருந்தால் அழைப்புக் கடிதம் முதலான தாள்களை அவர்கள் அங்கிருந்து அனுப்ப வேண்டும். எந்தத் தேதியில் எங்கே தங்குவீர்கள் என்று நாள்வாரியாக எழுதிக் கொடுக்கவும் வேண்டும். கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. அதை மட்டும் நம்புங்கள். அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டுத் தாள் சேர்க்க வேண்டாம்.

கட்டுநாயக்கவிலிருந்து நேரே போகும் விமானம் டோக்கியோவுக்கு வெளியே உள்ள நரித்தாவில் இறங்கும். அங்கிருந்து டோக்கியோ நிலையத்துக்குப் போய், அதிவேக ரயிலில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் இருந்தால் ஷின்-கோபே. வயதானவர்கள் கூட வந்தால் சிங்கப்பூர், கோலாலம்பூர் அல்லது பாங்கொக்கில் மாறி கன்சாய் விமான நிலையத்தில் இறங்குவதுதான் நல்லது. அங்கிருந்து கோபேயின் நடு மையமான சன்னோமியாவுக்கு பஸ் நேரே போகிறது. ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். பெட்டியை பஸ்காரரே கீழே ஏற்றிவிடுவார். கடலில் போக ஆசைப்பட்டால் கன்சாயிலிருந்து கோபே விமான நிலையத்துக்கு வேகப் படகு உண்டு, அரை மணித்தியாலந்தான். படகை விட்டு இறங்கியதும் சாரதி இல்லாமல் ஓடும் போர்ட் லைனர் ரயிலில் சன்னோமியா வந்துவிடலாம். இரண்டு விமான நிலையங்களும் கடலை நிரப்பிக் கட்டிய தீவுகள். அந்த ரயில் கடந்து வரும் போர்ட் ஐலண்டும் அப்படித்தான். மலையை வெட்டி அந்த மண்ணைக் கடலில் கொட்டித் தீவாக்கியிருக்கிறார்கள்.

இறங்கியவுடன் ஆளுக்கொரு ஐக்கோக்கா அட்டை வாங்குங்கள். காசு போட்டு வைத்துக்கொண்டு ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டிவிட்டுப் போகலாம். பிறகு திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கோபே கிழக்கு மேற்காக நீண்ட ஒடுங்கிய நகரம். வடக்கே எப்போதும் மலை, தெற்கே எப்போதும் கடல். அங்குள்ளவர்களும் மலைப் பக்கம், கடல் பக்கம் என்றுதான் வழி சொல்கிறார்கள். கல்லடியில் நாங்கள் கடல் பக்கம், ஆற்றுப் பக்கம் என்று சொல்வது போல. மாமிக்கு அதனால் முதல் நாளே ஊர் பிடிபட்டுவிட்டது.

துறைமுகப் பக்கம்

காலையில் சன்னோமியாவிலிருந்து தெற்கே நடங்கள். பத்து நிமிடத்தில் ஹிகாஷி யூஎன்சி என்ற பூங்கா வரும். சுற்றுலாக்காரர் பலர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். நீங்கள் நில்லுங்கள். 1995 ஜனவரி 17 விடியற்காலை 5.46க்கு இந்த நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. இறந்தவர்கள் 6,434 பேர். அந்த நேரத்திலேயே நின்றுபோன கடிகாரத்தைத் தாங்கிய ஒரு சிலை அந்தப் பூங்காவில் இருக்கிறது. பக்கத்தில் அணையாமல் எரியும் ஒரு விளக்கு. நிலத்துக்குக் கீழே இறங்கினால் இறந்தவர்களின் பெயர்கள் சுவரில் பதித்திருக்கின்றன. ஒவ்வொரு ஜனவரி 17ம் விடியுமுன் மக்கள் அங்கே கூடி, விளக்குகளை அடுக்கி, அதே நிமிடத்தில் தலைகுனிந்து நிற்கிறார்கள். உங்கள் பயணம் ஜனவரி நடுவில் விழுந்தால் குளிரைப் பாராமல் போய் நில்லுங்கள். யாரும் உங்களை வெளியாராகப் பார்க்க மாட்டார்கள்.

அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் மெரிக்கென் பூங்கா. எல்லோரும் படமெடுக்கும் சிவப்புக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது. 1963ல் கட்டிய துறைமுகக் கோபுரம், 108 மீற்றர் உயரம், உடுக்கு மாதிரி இடை ஒடுங்கியது. நீண்ட திருத்த வேலைக்குப் பிறகு 2024 ஏப்ரலில் மறுபடி திறந்தார்கள். மேலே ஏறினால் கப்பல்களும் பாரந்தூக்கிகளும் ஒரு பக்கம், வீடுகள் ஏறிக்கொண்டு போகும் மலை மறுபக்கம். வெளிச்சமான நாளென்றால் ஏறுங்கள், மூடுபனியென்றால் காசை மிச்சப்படுத்துங்கள்.

அதே பூங்காவின் ஓரத்தில் உடைந்த படகுத்துறையில் ஏறத்தாழ 60 மீற்றரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். கொங்கிறீட் பிளந்து தண்ணீருக்குள் சரிந்து கிடக்கிறது. விளக்குக் கம்பங்கள் சாய்ந்து நிற்கின்றன. கட்டணம் இல்லை, கதவு இல்லை, எந்த நேரமும் பார்க்கலாம். சுற்றிலும் நகரம் புதிதாக மினுங்க, நடுவில் இந்தத் துண்டு மட்டும் அன்றைக்கு இருந்தபடி. சுனாமிக்குப் பிறகு நாவலடியில் எதை வைத்திருக்க வேண்டும், எதை இடித்துத் தள்ள வேண்டும் என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரந்தான் எங்கள் சாட்சி. என் கணவர் அந்தத் துறையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். உங்கள் வீட்டிலும் 2004ல் யாரையாவது கடலுக்குக் கொடுத்தவர்கள் இருந்தால் இந்த இடத்துக்கு அவசரமில்லாமல் நேரம் விடுங்கள்.

நேரமிருந்தால் நகரத்தின் கிழக்கே உள்ள நிலநடுக்க நினைவு அருங்காட்சியகத்துக்கும் போங்கள். ஜேஆர் நாதா ரயில் நிலையத்திலிருந்து கடல் பக்கமாகக் கொஞ்ச நேர நடை. திங்கட்கிழமை மூடியிருக்கும். முதல் அறையில் அதிர்வைப் பெரிய திரையிலும் பெரிய ஓசையிலும் காட்டுவார்கள். மனம் தாங்காதவர்கள் அதைத் தவிர்த்துவிட்டு உள்ளே போகலாம், வாசலில் சொன்னால் போதும். நிலநடுக்கத்தில் உயிர் தப்பியவர்களே அங்கு வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள்.

எங்கள் ஊருக்கும் கோபேக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. நிலநடுக்கத்தின் பத்தாம் ஆண்டையொட்டி ஐநாவின் பேரிடர் மாநாட்டைக் கோபேயில் ஏற்பாடு செய்திருந்தார்கள். அது 2005 ஜனவரி 18 முதல் 22 வரை நடந்தது. சுனாமி வந்து நான்கு வாரங்கூட ஆகியிருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கும் ஒரு சுனாமி எச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று உலக நாடுகள் அங்கே கூடிப் பேசின. இன்று கடற்கரையில் நிற்கும் எச்சரிக்கைக் கோபுரங்களைப் பார்க்கும்போது அந்த நகரமும் என் நினைவுக்கு வருகிறது.

சாப்பாடும் கித்தானோவும்

மதியத்துக்கு மலைப் பக்கம் ஏறுங்கள். கித்தானோ என்ற மேட்டில் பழைய வெளிநாட்டு வணிகர்களின் வீடுகள் இருக்கின்றன. 1868ல் துறைமுகம் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த பிறகு வந்து குடியேறியவர்கள் கட்டியவை. உள்ளே போக வீட்டுக்கு வீடு டிக்கெட். ஒன்றைப் பார்த்தால் போதும், மீதியைத் தெருவிலிருந்தே ரசிக்கலாம். எனக்கு அந்த வீடுகளைவிடச் சுற்றியுள்ள தெருக்கள்தான் பிடித்தன. கீழே 1935ல் கட்டிய பள்ளிவாசல், ஜப்பானின் முதல் பள்ளிவாசல் அதுதான். போர்க்காலக் குண்டுவீச்சிலும் நிலநடுக்கத்திலும் தப்பி நிற்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது ஆட்கள் ஜும்ஆவுக்கு அங்கே போகலாம், அயலில் ஹலால் கடைகளும் இருக்கின்றன. கொஞ்சம் தள்ளி வெள்ளைப் பளிங்கில் ஒரு சமணக் கோயில். முத்து வணிகத்துக்காக வந்து தங்கிய இந்தியக் குடும்பங்கள் கட்டியது. அதனால் மரக்கறிச் சாப்பாடும் இந்தப் பகுதியில் கிடைக்கும்.

கோபே என்றதும் எல்லோரும் மாட்டிறைச்சியைத்தான் சொல்வார்கள். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடுங்கள், விலை அதிகம். மற்றவர்களுக்கு அதைவிட முக்கியமானது ரசம் போலக் கொடுக்கும் சூப்பு. அதில் ஒரு துண்டு மீன் மிதக்காது. ஆனால் அடிச்சாறு பெரும்பாலும் காய வைத்த சூரை மீனில் எடுத்தது, எங்கள் மாசிக் கருவாட்டுக்கு உறவு. வெள்ளிக்கிழமை விரதக்காரர்களும் முழு மரக்கறிக்காரர்களும் கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மகள் ஜப்பானிய மொழியில் ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுத்தாள்: மாடு வேண்டாம், மீன் சாறும் வேண்டாம் என்று. கடைக்காரர்கள் அதை வாசித்துவிட்டு மரியாதையாகப் பதில் சொன்னார்கள். நீங்களும் பிள்ளையிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மலையைத் தாண்டி அரிமாவுக்கு

அரிமா போக மூன்று வழி. சன்னோமியாவிலிருந்து நேர் பஸ், இதுதான் முதியவர்களுக்குச் சுகம். அடுத்தது சுரங்க ரயிலில் தானிகாமி, அங்கே மாறி அரிமாகுச்சி, மறுபடி மாறி அரிமா. மலிவு, ஆனால் ஏறி இறங்க வேண்டும். மூன்றாவது ரொக்கோ மலைமேல் ஏறிப் போவது. ஹான்கியூ ரயிலில் ரொக்கோ நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் மலையடிவாரம், பிறகு கம்பியால் இழுபடும் மலை ரயில் பத்து நிமிடம். மேலே ஒரு பஸ். அதற்குப் பிறகு கயிற்று வண்டியில் தொங்கிக்கொண்டு பன்னிரண்டு நிமிடத்தில் அரிமாவில் இறங்குவீர்கள். ரொக்கோவின் உச்சி 931 மீற்றர். மட்டக்களப்பில் பிறந்து சமதரையில் வளர்ந்த எங்களுக்கு, ஒரு பக்கம் துறைமுகமும் மறுபக்கம் காடுமாக விரியும் அந்தக் காட்சி வேறு எங்கும் கிடைக்காது. போகும்போது மலை வழி, திரும்பும்போது பஸ். இதுதான் என் யோசனை. பலத்த காற்றென்றால் கயிற்று வண்டி ஓடாது, பராமரிப்புக்கும் சில நாட்கள் நிறுத்துவார்கள். புறப்படுமுன் பிள்ளையை விசாரிக்கச் சொல்லுங்கள். மேலே குளிர் கூட, கோடையிலும் ஒரு மேற்சட்டை கையில் இருக்கட்டும்.

மகா ஓயாவின் வெந்நீர்க் கிணறுகளையும் கன்னியாவையும் பார்த்தவர்களுக்கு அரிமா வேறு விதமாக இருக்கும். சின்ன மலைக் கிராமம், ஒடுங்கிய சரிவுத் தெருக்கள், வீடுகளுக்கு நடுவே இரும்புச் சட்டங்களுக்குள்ளிருந்து ஆவி கிளம்பும் ஊற்றுகள். ஜப்பானின் மிகப் பழைய மூன்று ஊற்றுகளில் ஒன்று என்பார்கள். 631ல் ஜோமெய் பேரரசர் வந்து தங்கியதாகப் பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. பக்கத்தில் எரிமலையே இல்லை. கடலடித் தட்டு ஒன்று ஜப்பானுக்குக் கீழே நுழையும்போது தன்னோடு நீரையும் கொண்டு போகிறது. ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு, வெடிப்புகள் வழியே கொதிக்கக் கொதிக்க மேலே வருகிறது. அதனால்தான் கடற்கரையிலிருந்து மலையைத் தாண்டியும் அந்தத் தண்ணீர் கடலைவிட உப்பாக இருக்கிறது. தெஞ்ஜின் என்ற ஊற்றில் 98 பாகை செல்சியஸ் வரை வருகிறது. தொட்டிக்கு வருமுன் ஆற்றிவிடுவார்கள்.

தண்ணீர் இரண்டு வகை. பொன்னீர் என்று சொல்வதில் இரும்பும் உப்பும். நிலத்திலிருந்து வரும்போது தெளிவு, காற்றுப் பட்டதும் செங்கல் நிறம். வெள்ளிநீர் கடைசி வரை தெளிந்தே இருக்கும், காபனீரொட்சைட்டும் ரேடியமும் கலந்தது. கின் நோ யு என்ற பொதுக் குளியலகம் பொன்னீருக்கு, வெள்ளிநீருக்கு வேறொன்று. கட்டணம் ஆளுக்கு ஆயிரம் யென்னுக்குள். கின் நோ யுவின் வாசலில் கால் நனைக்கும் தொட்டி இலவசம். உள்ளே போக மனமில்லாதவர்கள் அங்கே உட்கார்ந்து கால் நனைத்தாலே பயணக் களைப்பு போகும்.

இப்போது எல்லோரும் என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிற விஷயம். பொதுக் குளியலகத்தில் உடுப்போடு குளிக்க முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, ஆனால் உள்ளே சாரமும் இல்லை, குறுக்குக் கட்டும் இல்லை. "என்ன மகள் இது, இந்த வயசிலயா?" என்றுதான் மாமி முதலில் கேட்டா. அவவின் கூச்சம் நியாயமானது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். இதற்கு அங்கே நல்ல வழி இருக்கிறது. தங்கும் விடுதிகள் பலவற்றில் குடும்பத்துக்கென்று மணித்தியாலக் கணக்கில் பூட்டிக்கொள்ளக்கூடிய தனித் தொட்டி வாடகைக்கு உண்டு. காஷிகிரி என்று கேட்க வேண்டும். அறை பதியும்போதே கேட்டு, அதில் பொன்னீர் வருகிறதா என்றும் உறுதிப்படுத்துங்கள். தாயும் மகளும், அல்லது கணவன் மனைவி, உள்ளே பூட்டிக்கொண்டு நிம்மதியாகக் குளிக்கலாம். காத்தான்குடியிலிருந்து போன என் தோழிக்கும் இதைத்தான் சொன்னேன். அவ திருப்தியாகக் குளித்துவிட்டு வந்தா.

பொதுவோ தனியோ, முறை ஒன்றுதான். சப்பாத்தை வாசலில் விடுங்கள். உடுப்பைக் கூடையிலோ பெட்டியிலோ வைத்துவிட்டு சின்னத் துவாய் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே சுவரோரம் குழாயும் குட்டி முக்காலியும் இருக்கும். அதில் உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு முழுவதும் கழுவ வேண்டும். அழுக்குப் போவது அங்கே, தொட்டி ஊறுவதற்கு மட்டும். எங்கள் பெண்கள் கவனிக்க வேண்டியது தலை எண்ணெய். அன்று காலையில் எண்ணெய் வைக்காதீர்கள், வைத்திருந்தால் நன்றாகத் தேய்த்துப் போக்குங்கள். நீண்ட தலைமுடியை உச்சியில் முடிந்துகொள்ளுங்கள், ஒரு இழைகூடத் தண்ணீரில் விழக்கூடாது. துவாயும் தண்ணீருக்குள் வரக்கூடாது, மடித்துத் தலைமேல் வையுங்கள். பொன்னீரில் துவாய் நிறமேறும், ஊரிலிருந்து பழையதொன்றைக் கொண்டு போங்கள்.

வெள்ளிக் கொலுசு, மிஞ்சி, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், கழற்ற மனமில்லாவிட்டால் விடுங்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும். மஞ்சள் கயிறென்றால் தனித் தொட்டியே சரி, சாயம் தண்ணீரில் இறங்கும். பச்சை குத்திய இளைஞர்களைச் சில இடங்களில் உள்ளே விட மாட்டார்கள், முன்கூட்டியே கேளுங்கள். மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்க்க வேண்டும்.

தொட்டியின் சூடு 40 பாகைக்கு மேல். முதலில் கையால் அள்ளிக் காலிலும் தோளிலும் ஊற்றிப் பழக்கி, மெதுவாக இறங்குங்கள். முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். வெளியே வந்து ஆறி, விருப்பமென்றால் மறுபடி இறங்குங்கள். எழும்பும்போது தலை சுற்றும், பிடித்துக்கொண்டு எழும்புங்கள். பிரஷர், இருதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ஊரிலேயே வைத்தியரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். சீனி வருத்தத்தால் கால் மரத்துப் போனவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இலவசக் கால் தொட்டியில்கூட நீங்களாகக் காலை வைக்காதீர்கள். சூடு உங்களுக்குத் தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். கூட வந்தவர் கையால் பார்த்துச் சொல்லட்டும், காலில் புண் இருந்தால் வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் குளிக்காதீர்கள். குளித்த பிறகு ஒரு போத்தல் தண்ணீர் குடியுங்கள்.

விடுதியில் இரவு தங்கினால் பாய் விரித்த அறையும், உடுக்க யுக்காத்தா என்ற பருத்தி அங்கியும் தருவார்கள். இடது பக்கம் மேலே வரும்படி சுற்றிக் கட்ட வேண்டும், வலது மேலே வருவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. இரவுச் சாப்பாடு பல சின்னத் தட்டுகளாக வரும், பெரும்பாலும் மீன். மாடு வேண்டாம், மரக்கறி மட்டும் என்பதையெல்லாம் பதியும்போதே எழுதி அனுப்புங்கள். அன்று மாலை சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. செலவு கட்டுப்படியாகாவிட்டால் பகலில் வந்து குளித்துவிட்டு மாலையில் கோபேக்குத் திரும்பலாம், அதிலும் குறையில்லை. ஆனால் பகல்கூட்டம் போன பிறகு விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தெருக்களில் நடப்பதற்காகவே நான் தங்கச் சொல்கிறேன்.

காலையில் ஊரைச் சுற்றுங்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த ஹிதெயோஷி அரிமாவுக்குப் பலமுறை வந்தவர். அவருடைய குளியல் மாளிகை எங்கே இருந்ததென்று நெடுங்காலம் தெரியாமலிருந்தது. 1995 நிலநடுக்கத்தில் சேதமான ஒரு கோயிலைத் திருத்தும்போது அதன் அடியில்தான் தொட்டியும் தோட்டமும் வெளிப்பட்டன. இப்போது அது சின்னதோர் அருங்காட்சியகம். மேட்டுக்கு ஏறினால் சோடாத் தண்ணீர் ஊற்றிருக்கும் பூங்கா. அந்தத் தண்ணீரில் மாவு குழைத்துச் சுடும் மெல்லிய பிஸ்கட்டைத் தெருவெல்லாம் விற்கிறார்கள், ஊருக்குக் கொண்டுவர அதுதான் இலேசு. பேரப்பிள்ளைகளுக்கு அரிமாத் தூரிகை வாங்குங்கள். எழுத நிமிர்த்திப் பிடித்தால் பின்புறத்திலிருந்து ஒரு குட்டிப் பொம்மை எட்டிப் பார்க்கும்.

எப்போது போவது? நவம்பர் நடுப்பகுதியிலிருந்து இலைகள் சிவக்கும், அரிமாவின் சுய்ஹோஜி பூங்கா அதற்குப் பேர்போனது. ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரிப்பூ. ஜூனில் மழை, ஆகஸ்ட் செப்டெம்பரில் புழுக்கமும் சூறாவளியும். வெந்நீரின் அருமை குளிர்காலத்தில்தான் தெரியும், ஆனால் எங்கள் உடம்புக்கு ஜனவரிக் குளிர் கடுமை. முதியவர்களோடென்றால் நவம்பரைப் பிடியுங்கள். சனி ஞாயிறைத் தவிருங்கள், ஒசாகாவே அரிமாவுக்கு வந்து நிற்கும். திரும்பும் பஸ்ஸுக்கு இடத்தை, போய் இறங்கியவுடனேயே பதிந்துவிடுங்கள், மாலை பஸ்கள் நிறைந்துவிடும்.